சாலை அகலமாகட்டும், சுமைதாங்கியும் இருக்கட்டும்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்தும் முன் எவையெல்லாம் கணக்கெடுக்கப்படுகின்றன என்று பார்த்தாலே, எவை விட்டுப்போகின்றன என்பது தெரிந்துவிடும். மின்கம்பங்களை எண்ணுகிறார்கள், அவற்றை நகர்த்த ஆகும் செலவு எஸ்டிமேட்டில் ஏறுகிறது. குடிநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். புளியமரங்களுக்கு எண் போட்டு ஏலம் விடுகிறார்கள். பட்டா நிலம் போனால் சென்ட் கணக்கில் இழப்பீடு உண்டு. அதே சாலையோரத்தில் தலைமுறைகளாக நிற்கும் சுமைதாங்கிக் கல், மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சிக் கல், வழிப்போக்கர் தண்ணீர் குடித்த கிணறு, இரண்டு ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் இருக்கும் முனி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. பதிவேட்டில் இல்லாதவற்றுக்குப் பொறுப்பாளரும் இல்லை. பொக்லைன் ஓட்டுகிறவர் அன்று காலையில் எடுக்கும் முடிவுதான் கடைசி முடிவு. சாமி என்று தெரிந்தால் யாரையாவது கேட்டுவிட்டுச் செய்வார்; வெறும் கல் என்று நினைத்தால் மண்ணோடு சேர்த்து வாரி லாரியில் போடுவார். வழிப்போக்கருக்காகச் சாலையோரத்தில் நிறுத்தப்பட்டவை எல்லாம் சாலையின் உறுப்புகள் என்பதே என் கருத்து. சாலை போடுகிற துறைதான் அவற்றை எண்ண வேண்டும். இடம் மாற்ற நேர்ந்தால் மின்கம்பத்தை நகர்த்துவதுபோலத் தன் செலவில் பத்திரமாக நகர்த்தியும் வைக்க வேண்டும்.

முதலில் சுமைதாங்கியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இரண்டு கல்தூண்களை மண்ணில் ஊன்றி, மேலே ஒரு நீள்கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். உயரம் ஓர் ஆளின் கழுத்துக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும். அந்த உயரத்தில்தான் விஷயமே இருக்கிறது. தலையில் நெல்மூட்டையோ விறகுக் கட்டோ சுமந்து தனியாக நடக்கிறவர், சுமையைத் தரையில் இறக்கிவிட்டால் திரும்பத் தூக்கிவிட இன்னோர் ஆள் வேண்டும். சுமைதாங்கி இருந்தால் குனியாமல் நிமிராமல் கல்லின் மேல் அப்படியே தள்ளிவிட்டு, இளைப்பாறி, மறுபடியும் தலையை நீட்டி ஏற்றிக்கொள்ளலாம். துணைக்கு யாரும் இல்லாத நடைக்கு இந்தக் கல்லே துணை. பல சுமைதாங்கிகளின் படுக்கைக் கல்லில் ஒரு பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் பெயர். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனவளின் பாரம் இறங்க வேண்டும் என்று, அவள் வீட்டார் ஊர்வழியில் சுமைதாங்கி நிறுத்துவது தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம். இறக்கிவைக்க முடியாமல் போன ஒருத்தியின் பெயரால் முகம் தெரியாத ஆயிரம் பேருக்குச் சுமை இறக்க இடம் கொடுத்தார்கள். துயரத்தை இவ்வளவு பயனுள்ளதாக மாற்றிய நினைவுச் சின்னம் உலகில் வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று டெல்டாவின் கிளைச் சாலைகளில் மிஞ்சியிருக்கும் சுமைதாங்கிகள் பலவும் இடுப்பளவுக்கும் முழங்காலளவுக்கும் குறைந்துவிட்டன. கல் தேயவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டதில் சாலைதான் மேலே ஏறிவிட்டது.

டெல்டாவில் இப்படி ஒரு கல்லை நிறுத்துவது மற்ற ஊர்களைப் போல எளிதான காரியம் இல்லை. காவிரியும் வெண்ணாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் இந்த நாடு. தோண்டினால் களியும் மணலும் வருமே தவிர, பாறை வராது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தது. மன்னனால் முடிந்தது சரி. ஒரு சாதாரணக் குடும்பம் மூன்று கற்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, எந்த வருமானமும் தராத ஓர் இடத்தில் ஊன்றியது என்றால் அதற்கு என்ன செலவாகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். கல்லுக்கு வழியில்லாதவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். பக்கத்தில் ஒரு கிணறு, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, நிழலுக்கு ஓர் ஆலமரமோ புளியமரமோ, கோடையில் நீர்மோர்ப் பந்தல் என்று ஒன்றை ஒட்டி இன்னொன்றாக ஒரு முழு ஏற்பாடு வளர்ந்தது. வேதாரண்யத்து உப்பு மேற்கே போனதும் தஞ்சை நெல் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் போனதும் இந்த ஏற்பாட்டின் மீதுதான். 1860-களில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகும், ரயிலடி வரைக்கும் மூட்டை தலையில்தான் போனது.

தெய்வங்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வருகிறவைதான். டெல்டாவின் பழைய சாலைகள் பெரும்பாலும் ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். நடந்து போகிறவருக்கு அந்த ஒற்றைக் கரையைத் தவிர வேறு வழி கிடையாது. மதகடியிலும், கரை பிரிகிற முனையிலும், சுடுகாட்டுத் திருப்பத்திலும், ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடத்திலும் ஒரு முனியோ வீரனோ ஐயனாரோ இருப்பது தற்செயலாக நடந்ததில்லை. பயம் எங்கே வரும், வழி எங்கே தவறும் என்று தெரிந்தவர்கள் அந்தந்த இடத்தில் காவல் வைத்தார்கள். பழைய கிரேக்கர்களும் இதே போலச் செய்தார்கள். வழியில் இருப்பவற்றை அவர்கள் ‘எனோடியா’ என்றார்கள். தெசாலியின் ஃபெராய் நகரில் அதே பெயரில் ஒரு பெண் தெய்வமும் இருந்தது. பிற ஊர்களில் முச்சந்திக்கு ஹெகாட்டே, வழிக்கு ஹெர்மஸ். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் ஹிப்பார்க்கஸ், நகரத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் நடுவழியில் ஹெர்மஸின் தலை வைத்த கல்தூண்களை நிறுத்தினான் என்று பிளேட்டோ பெயரில் வழங்கும் ஒரு நூல் சொல்கிறது. இது எந்த ஊருக்கு நடுவழி என்பது தூணின் ஒரு பக்கம் இருந்தது. மறுபக்கம் ஓர் அறிவுரை. அதாவது சாமியும் மைல்கல்லும் ஒரே தூண். நம் தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டு அதியமான் பெருவழிக் கல்லில், நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் வெட்டியதோடு நிற்கவில்லை. படிக்கத் தெரியாதவர் விரலால் தடவி எண்ணிக்கொள்ள இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் செதுக்கி வைத்தார்கள். காவிரிப்பூம்பட்டினத்தின் பெயரைக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி தன் நூலில் குறித்திருக்கிறார். இரண்டு நாட்டுக்கும் வாணிபம் இருந்தது. அதற்காக இந்த வழக்கம் அங்கிருந்து வந்தது என்றோ இங்கிருந்து போனது என்றோ சொல்ல வேண்டியதில்லை. மனிதர் கால்நடையாகப் போன இடமெல்லாம் இது தானே தோன்றியிருக்கிறது.

இவை பதிவேட்டில் ஏறுவதற்குத் தகுதியில்லாத சில்லறைச் சங்கதிகள் என்பது நிர்வாகத்தில் இருப்பவர்களின் எண்ணமாக இருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரே அதற்குப் பதில் சொல்கிறது. ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலத்தை மிக நுண்ணிய பின்னங்கள் வரை அளந்து கல்லில் வெட்டியிருக்கிறான். வரி வசூலிக்க முடியாத நிலம் எது என்று ஒவ்வோர் ஊருக்கும் தனியாகக் கழித்தும் காட்டியிருக்கிறான். அந்தக் கழிவுகளில் ஊர்நத்தம் வருகிறது, குளம் வருகிறது, ஊடே போகும் வாய்க்கால் வருகிறது, சேரிகளும் சுடுகாடும் வருகின்றன. பிடாரி கோயில், காடுகாள் கோயில், ஐயன் கோயில், சேட்டை கோயில் என்று ஊர்த் தெய்வங்களின் இடங்களும் பெயர் சொல்லிக் கழிக்கப்பட்டிருக்கின்றன. வானளாவிய சிவன் கோயிலைக் கட்டிய அரசின் நில அளவையாளர்கள், வயல்வரப்பில் இருந்த பிடாரிக்கு எவ்வளவு இடம் என்று அளந்து எழுதினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கயிறும் கோலும் வைத்துக்கொண்டு செய்ய முடிந்ததை, செயற்கைக்கோளும் ட்ரோனும் கையில் இருக்கும் இன்றைய அளவைத் துறை செய்ய முடியாது என்பதை ஏற்பதற்கில்லை.

பதிவு இல்லாமல் அழிந்தால் என்ன போகும் என்பதற்குச் சோழநாட்டுப் புத்தர்கள் நல்ல சான்று. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி இருந்த இடத்தில் இன்று ஒன்றும் இல்லை. ஆனால் அதன் காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்த புத்தர் சிலைகள் டெல்டாவின் வயல்களிலும் குளக்கரைகளிலும் வழியோரங்களிலும் தங்கின. யார் என்று தெரியாமலேயே மக்கள் அவற்றுக்கு விளக்கேற்றினார்கள். மயிலாடுதுறை அருகே பெருஞ்சேரியில் அமர்ந்திருக்கும் பெரிய புத்தரை ஊரார் ரிஷி என்றுதான் கும்பிட்டார்கள். வேறு ஊர்களில் முனி என்றார்கள். மயிலை சீனி. வேங்கடசாமி ‘பௌத்தமும் தமிழும்’ எழுதியபோதும், பின்னாளில் பா. ஜம்புலிங்கம் ‘சோழ நாட்டில் பௌத்தம்’ என்ற ஆய்வுக்காக ஊர் ஊராகத் தேடியபோதும், இந்தச் சிலைகள்தான் பேசின. ஒரு மதத்தின் பல நூற்றாண்டு வரலாறு இந்த மண்ணில் தப்பிப் பிழைத்தது நூலகத்தால் இல்லை. வழியோரத்து முனிக்கு எண்ணெய் ஊற்றியவர்களால். இனி வரும் ஆய்வாளருக்கு என்ன மிச்சம் வைக்கிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தெய்வமும் கல்லும் மட்டும் என்றால் இதைப் பக்தி விஷயம் என்று ஒதுக்கிவிடலாம். சத்திரத்தை அப்படி ஒதுக்க முடியாது. தஞ்சை மராட்டியர்கள் ராமேசுவரம் போகிற வழியில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும் ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரமும் அவற்றைச் சேர்ந்தவை. 1801-இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்டான பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களின் நிலங்களில் கும்பினி கைவைக்கக் கூடாது என்று மன்றாடியிருக்கிறார். அங்கே எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு, நடுநிசியில் மணியடித்துச் சாப்பிடாதவர்களைக் கூப்பிடுவார்கள், நோயாளிக்கு மருந்தும் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பராமரிப்பும் உண்டு என்று அதில் விளக்குகிறார். ஆட்சியையே விட்டுக்கொடுத்துவிட்ட ஓர் அரசன் சத்திரத்துக்காக வாதாடினான் என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த வழக்கம் மக்களிடம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதை 1930 காட்டியது. ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியில் ராஜாஜி தொடங்கிய உப்புச் சத்தியாகிரக நடை, தஞ்சை மாவட்டத்தைக் குறுக்கே கடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். வீட்டில் வைத்துப் பரிமாற முடியாதவர்கள், சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது குற்றம் என்ற சட்டத்தைத் தஞ்சைச் சாலைகள் ஏற்கவில்லை. நம் விடுதலைப் போராட்டத்தில் அந்த மரங்களுக்கும் பங்கு உண்டு.

வழியோரச் சின்னங்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. சாலையோரக் கோயில் என்பது இன்று ஆக்கிரமிப்புக்கு நல்ல சாக்கு. இரவோடு இரவாக ஒரு சிலை வருகிறது. மறுமாதம் தகரக் கொட்டகை. அடுத்த ஆண்டு கான்கிரீட் தளமும் உண்டியலும். பக்கத்திலேயே வாடகைக்கு இரண்டு கடை. இதற்குக் கதவைத் திறந்துவிட வேண்டுமா என்று கேட்பவர்கள் நியாயமானவர்களே. பொது இடங்களில் இனி எந்த மதத்தின் வழிபாட்டுக் கட்டடத்தையும் அனுமதியின்றி எழுப்பக் கூடாது என்று 2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது சரியானது. அதைத் தளர்த்தவே கூடாது. ஆனால் ஏற்கெனவே இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொன்னது. பரிசீலிக்க வேண்டுமென்றால் பட்டியல் வேண்டும். எது பழையது, எது போன வருஷம் முளைத்தது என்று சொல்ல ஒரு தேதியிட்ட பதிவு வேண்டும். பதிவே இல்லாத இன்றைய நிலைதான் ஆக்கிரமிப்பாளருக்கு வசதி. நூறாண்டு முனியும் நேற்றைய சிலையும் காகிதத்தில் ஒன்றாக இருந்தால், ஆள்பலம் உள்ள நேற்றைய சிலை தப்பிக்கும். கேட்க நாதியற்ற சுமைதாங்கி போகும். நடப்பதும் அதுதான்.

சாலைப் பாதுகாப்பு அடுத்த கேள்வி. வண்டி வேகமாகப் போகிற சாலையின் விளிம்பில் கல்தூண் நிற்பது ஆபத்து. இதில் விட்டுக்கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை. இருசக்கர வாகனத்தில் போகிற ஒரு பையனின் உயிரைவிட எந்தக் கல்லும் பெரிதில்லை. நகர்த்துங்கள் என்பதுதான் கோரிக்கை. உடைக்காதீர்கள் என்பது மட்டுமே நிபந்தனை. சாமியை நகர்த்தலாமா என்று தயங்குகிறவர்களுக்கு நம் வழக்கத்திலேயே விடை இருக்கிறது. திருப்பணி நடக்கும்போது தெய்வத்தின் ஆற்றலைக் கும்பத்துக்கோ படத்துக்கோ மாற்றி, பாலாலயத்தில் வைத்து வழிபட்டு, வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிற முறை மிகப் பெரிய கோயில்களிலேயே உண்டு. ஐயனார் கோயில் மண்குதிரைகளோ காலத்துக்குக் காலம் புதிதாகச் செய்து வைக்கப்படுகிறவை. ஊரைக் கேட்டு, நாள் பார்த்து, பத்தடி தள்ளி வைப்பதை ஊரார் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அவர்களைக் கேட்காமல் பிடுங்கும்போதுதான் மறியல் வருகிறது. பிறகு சாலைப் பணியே மாதக்கணக்கில் நிற்கிறது. சுமைதாங்கியை நகர்த்த அந்தச் சடங்குகூட வேண்டாம். ஒரு கிரேனும் அரை நாள் கூலியும் போதும்.

இன்னும் கூர்மையான ஒரு கேள்வியைச் சிலர் கேட்பார்கள். இந்தப் பழைய வழியோர உலகம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததா? இல்லை. சத்திரங்களில் பந்தி பிரித்தே நடந்தது. ஊர்த் தெய்வங்களின் திருவிழாவிலும் யார் முன்னால், யார் பின்னால் என்ற சண்டை இன்றும் உண்டு. அதை மறைத்து இந்தப் பாரம்பரியத்தைப் போற்றுவது நேர்மையாகாது. ஆனால் 1939-ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை பெரிய கோயில்களின் வாசலிலேயே தடுக்கப்பட்டவர்களுக்கு, வழியோரத்து வீரனும் முனியும்தான் தொட்டுக் கும்பிடக் கிடைத்த சாமிகள். பண்ணையில் அறுத்த நெல்லைத் தலையில் சுமந்தவர் மிராசுதார் கிடையாது. ஆக, சுமைதாங்கி யாருடைய சின்னம் என்பதில் குழப்பமே வேண்டாம். அரண்மனைக்கும் கோபுரத்துக்கும் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொல்லியல் சட்டம் நூறாண்டு கடந்த, அரசு அறிவிக்கை செய்த சின்னங்களைக் காக்கிறது. 80 ஆண்டுக்கு முன் ஒரு கூலிக் குடும்பம் நட்ட கல் அதற்குள் வராது. உழைத்தவர்களின் நினைவு என்று இந்த மண்ணில் நிற்பவை மிகக் குறைவு. அவற்றையும் சாலை அகலத்துக்காகத் தூர்த்துவிட்டு, பிறகு அடித்தட்டு மக்களின் வரலாறு கிடைக்கவில்லை என்று கருத்தரங்கு நடத்துவதில் அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. பழைய தார்த்தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத்தளம் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டது, வீடுகள் பள்ளத்தில் போவதைப் பார்த்துத்தான். ஒரு சுற்றறிக்கையால் அந்த வழக்கத்தை மாற்ற முடியுமென்றால் இதையும் செய்ய முடியும். நெடுஞ்சாலைத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் தயாரிக்கும் ஒவ்வொரு சாலை விரிவாக்க எஸ்டிமேட்டிலும் ‘வழியோரச் சின்னங்கள்’ என்று ஒரு தலைப்பு கட்டாயமாக வேண்டும். சர்வேயரும் கிராம நிர்வாக அலுவலரும் ஊர்ப் பெரியவர்களோடு ஒருமுறை நடந்து, இருப்பதைப் படமெடுத்து, இடம் குறித்து, கல்லில் எழுத்து இருந்தால் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். தஞ்சாவூரிலேயே தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எழுத்தைப் படிக்க ஆள் தேட வேண்டியதில்லை. நகர்த்துவதற்கான தொகையை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, திரும்ப நிறுத்தியதற்குப் படம் காட்டினால்தான் கடைசித் தவணை என்று வைத்துவிட வேண்டும். இங்கிலாந்தில் பழைய மைல்கற்கள் பலவும் பாதுகாக்கப்பட்ட கட்டுமானங்களின் பட்டியலில் இருக்கின்றன. அங்கேயும் சாலைகள் அகலமாகத்தான் ஆயின. அரசு உத்தரவுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. தன் எல்லைக்குள் இருக்கும் சுமைதாங்கி, கிணறு, எல்லைத் தெய்வம், சத்திரம் ஆகியவற்றின் பட்டியலை ஒரு தீர்மானமாக நிறைவேற்றி, நகலை வட்டாட்சியருக்கும் கோட்டப் பொறியாளருக்கும் அனுப்பும் உரிமை எந்த ஊராட்சிக்கும் உண்டு. சாலைக்கு அளவுகல் நடும் முன்பே அந்தத் தீர்மானம் கோப்பில் இருந்தால், இது எங்களுக்குத் தெரியாது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.